சிஸ்டம் அட்மின் பாடநூலுக்குச் சான்று தருமுன்

சிஸ்டம் அட்மின் பயிற்சிக்கான பாடநூலைச் சரிபார்க்க உட்காருபவர்கள் பெரும்பாலும் தேர்வின் பாடத்திட்டத்தையும் நூலின் பொருளடக்கத்தையும் அருகருகே வைத்து டிக் போடுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதுவும் தேவைதான். ஆனால் நூலின் குறைகள் ஒளிந்திருப்பது லேப் பயிற்சிகளில்.

டிக் போடும்போதும் எடையைப் பாருங்கள். எல்பிஐசி-1 என்ற லினக்ஸ் நிர்வாகச் சான்றிதழின் முதல் தாளான 101-500இல் 60 கேள்விகள், 90 நிமிடம். ஒவ்வொரு தலைப்புக்கும் ஓர் எடை உண்டு. எல்லாம் சேர்ந்தால் 60. கட்டளை வரியில் வேலை செய்வதற்கு 4, பகிர்வு லைப்ரரிகளுக்கு (பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் கோப்புகள்) 1. லைப்ரரிக்கு 20 பக்கமும் கட்டளை வரிக்கு 12 பக்கமும் ஒதுக்கிய நூலில் எல்லா டிக்கும் விழும், படித்தவர் தேர்வில் திணறுவார்.

லேப் பயிற்சிகளை நூலாசிரியர் சோதிக்கவே கூடாது. அவருடைய மெஷினில் வேண்டிய பேக்கேஜ்கள் (மென்பொருள் தொகுப்புகள்) ஏற்கெனவே இருக்கும், சூடோ எனும் நிர்வாகி உரிமை இருக்கும். விட்டுப்போன படி அவர் கண்ணில் படாது. நூலை முன்பு பார்த்திராத ஒருவர், புதிதாக நிறுவிய விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினி), அச்சில் இருப்பதை மட்டும் செய்து பார்க்கட்டும். ஒவ்வொரு பயிற்சிக்கு முன்பும் மெஷினின் அப்போதைய நிலையைச் சேமிக்கும் ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொள்ளட்டும்.

பிடிஎஃப்பிலிருந்து கட்டளைகளை நகலெடுத்து ஒட்டியும் பார்க்க வேண்டும். எழுதும் மென்பொருள் இரண்டு சிறு கோடுகளை ஒரே நீளக் கோடாகவும், நேரான மேற்கோள் குறியை வளைந்த குறியாகவும் மாற்றியிருக்கும். கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்லுக்கு அவை வேறு எழுத்துகள். கட்டளை பிழை காட்டும். புதிதாகக் கற்பவர் தவறு தன்னுடையது என்றே நினைப்பார். இந்த ஒன்றுக்காகவே ஒரு நூலைத் திருப்பி அனுப்பலாம்.

பயிற்சி முடிந்ததும் கட்டாயம் ரீபூட். ரெட் ஹேட் நிறுவனத்தின் ஆர்எச்சிஎஸ்ஏ போன்ற செய்முறைத் தேர்வில் ரீபூட்டுக்குப் பின்னும் நிலைக்கும் அமைப்புக்குத்தான் மதிப்பெண். எந்த வட்டை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி பிசகினால் மெஷின் எமர்ஜென்சி மோடில் நின்றுவிடும். ஆகவே வட்டைப் பெயரால் அல்லாமல் யூயூஐடி எனும் தனி அடையாள எண்ணால் குறிக்கச் சொல்கிறதா, ரீபூட்டுக்கு முன் 'மவுண்ட் -ஏ' கொடுத்து அந்தக் கோப்பைச் சோதித்துப் பார்க்கச் சொல்கிறதா, மாட்டிக்கொண்டால் மீளும் வழியைச் சொல்கிறதா என்று தேடுங்கள். மீளும் வழி இல்லாத பாடம் பாதிப் பாடம்.

பதிப்பு விஷயம் சுருக்கமாக: சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் பதிப்புக்கான ஆதரவு 2024 ஜூன் 30இல் முடிந்தது. மென்பொருளை எங்கிருந்து இறக்குவது என்று சொல்லும் அதன் பழைய மிரர் பட்டியல் முகவரி இப்போது வேலை செய்யாததால், அதை நம்பி எழுதிய லேபில் மென்பொருளை நிறுவும் முதல் யம் கட்டளையே தோற்கும். ரெட் ஹேட்டின் லினக்ஸான ஆர்எச்இஎல் 9இல், பழைய முறையில் நெட்வொர்க்கை அமைக்கும் நெட்வொர்க்-ஸ்கிரிப்ட்ஸ் பேக்கேஜே கிடையாது. அந்த முறையை மட்டும் கற்பிக்கும் அத்தியாயத்தைத் திருத்தியாக வேண்டும்.

உண்மையான தேர்வுக் கேள்விகளை மனப்பாடத்துக்கு அள்ளிக் கொடுத்திருந்தால் பேச்சே வேண்டாம், மறுத்துவிடுங்கள்.

சான்றில் நூலின் பதிப்பு எண், தேர்வுக் குறியீடு, சோதித்த இயங்குதளத்தின் பதிப்பு மூன்றும் இருக்கட்டும். தேர்வுக் குறியீடு மாறும் நாளில் அந்தச் சான்றும் காலாவதி என்று அதிலேயே எழுதிவிடுங்கள்.