ஓட்டுநர்களும் ஆயாக்களும் அமர்ந்த பயிற்சி வகுப்பு

சென்ற கல்வியாண்டில் ஒருநாள் எங்கள் பள்ளித் தாளாளர் ஒரு நாளிதழ் நறுக்கை என் மேசையில் வைத்து, "டீச்சர், இதை நீங்களே பொறுப்பெடுத்து முடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நீட் தேர்வுக்குத் தயாராகிவந்த மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில், உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25 அன்று வழங்கிய தீர்ப்பைப் பற்றிய செய்தி அது. பள்ளி, கல்லூரி, பயிற்சி மையம், விடுதி என அனைத்துக்கும் 15 வழிகாட்டுதல்களை வகுத்த அத்தீர்ப்பு, உரிய சட்டம் வரும்வரை அவை கட்டுப்படுத்தும் என்றும் கூறியிருந்தது. கற்பிக்கும் பணியாளர்கள், கற்பிக்காத பணியாளர்கள் ஆகிய இரு தரப்பினரும் ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு முறை, சான்று பெற்ற மனநல வல்லுநர்களிடம் உளவியல் முதலுதவி, எச்சரிக்கை அறிகுறிகளை இனங்காணுதல், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் மாணவரிடம் நடந்துகொள்ளும் முறை, உரியவரிடம் அனுப்பிவைத்தல் ஆகியவற்றில் கட்டாயப் பயிற்சி பெற வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

செய்தியோடு நிறுத்திக்கொள்ளாமல், அதற்கு முன்பிருந்தே பள்ளிகளைக் கட்டுப்படுத்திவரும் 2020ஆம் ஆண்டுப் போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்) விதிகளையும் எடுத்துப் படித்தேன். நிரந்தரமோ ஒப்பந்தமோ, குழந்தைகளோடு பழகும் ஒவ்வொரு பணியாளரின் பின்னணியையும் காவல்துறை வழியாக அவ்வப்போது சரிபார்க்க வேண்டும் என்றும், குழந்தைப் பாதுகாப்புக் குறித்து அவர்களுக்கு அவ்வப்போது பயிற்சி அளிக்க வேண்டும் என்றும் அதன் 3ஆம் விதி சொல்கிறது. எங்கள் பள்ளி இதை இத்தனை ஆண்டுகளாக எப்படி நிறைவேற்றியது என்று கோப்பைப் புரட்டினால், ஆசிரியர்களுக்கு மட்டும் நடந்த ஒரு மணி நேரச் சொற்பொழிவின் புகைப்படம் ஒன்றுதான் கிடைத்தது.

முதல் தடங்கல் யார் யார் உட்காருவது என்பதில் வந்தது. எங்கள் பேருந்து ஓட்டுநர்கள் ஓர் ஒப்பந்ததாரரின் ஆட்கள். "அவங்க உங்க ஸ்டாஃபே இல்லையே, அரை நாள் வண்டியை நிறுத்திட்டு எதுக்கு வரணும்?" என்று அவர் தொலைபேசியில் கேட்டார். விதியில் 'ஒப்பந்தம்' என்ற சொல் இருந்த வரியைப் படித்துக் காட்டினேன், மனமில்லாமல் ஒப்புக்கொண்டார். காலை நடைக்கும் மாலை நடைக்கும் இடைப்பட்ட நேரத்தில் ஓட்டுநர்களுக்கும், மழலையர் வகுப்பு கலைந்த பிறகு ஆயாக்களுக்கும் என்று நாளைப் பிரித்துக்கொண்டோம்.

பயிற்சியாளரைத் தேடியது அதைவிடப் பெரிய பாடு. அழகான கையேட்டோடு முதலில் வந்தவரிடம் இருந்தது சில நாள் கவுன்சலிங் வகுப்பில் கலந்துகொண்ட சான்றிதழ் மட்டுமே. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநல வல்லுநர் யார் என்று வரையறுத்திருப்பதால், எவரிடமும் முதலில் பதிவு எண்ணைக் கேட்பது என்று முடிவெடுத்தேன். கேட்பதற்குக் கூச்சமாகத்தான் இருந்தது. இறுதியில், இத்தகைய வல்லுநர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் (மருத்துவ உளவியலாளர்) ஒருவர், நான் கேட்கும் முன்பே தம் எண்ணை மின்னஞ்சலில் குறிப்பிட்டிருந்தார்.

அவர் உரை நிகழ்த்தவில்லை. "ஒரு பிள்ளை நடைபாதையில் உங்களிடம் வந்து, யாரோ தொட்டதாகப் பாதி சொல்லி நிறுத்துகிறது, அடுத்து என்ன செய்வீர்கள்?" என்று ஒவ்வொருவரையும் எழுதச் சொன்னார். ஆசிரியர்களில் பெரும்பாலோர், நான் உட்பட, 'விசாரிப்பேன்' என்று எழுதியிருந்தோம். வகுப்பாசிரியர், ஒருங்கிணைப்பாளர், தலைமையாசிரியர், தாளாளர், பெற்றோர் என்று எங்கள் வழக்கமான வரிசையை அவர் பலகையில் எழுதிக் காட்டியபோது, காவல் நிலையம் போவதற்குள் அந்தப் பிள்ளை ஐந்து முறை அதைச் சொல்லியிருக்கும் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் உடல் அதே அச்சத்துக்குள் திரும்பிப் போகக்கூடும் என்றும், அப்போது பிள்ளை உறைந்து வாயடைத்துப்போவதை நாம் 'பொய் சொல்கிறது' என்று படித்துவிடுகிறோம் என்றும் விளக்கினார்.

இப்படிக் கொடிய அனுபவம் மனத்தில் விட்டுச்செல்லும் பாதிப்பைத்தான் உளக்காயம் (trauma) என்கிறார்கள். அந்தச் சொல்லைச் சட்டப் பக்கங்களில் தேடித் தேடிச் சலித்திருந்த எனக்கு, அது வேறு உருவில் அங்கேயே இருந்தது அப்போதுதான் புரிந்தது. போக்சோ சட்டத்தின் 33ஆம் பிரிவு, குழந்தையைச் சாட்சி சொல்லத் திரும்பத் திரும்ப அழைக்கக் கூடாது என்று நீதிமன்றத்துக்கே வரம்பு விதிக்கிறது. 24ஆம் பிரிவு, வாக்குமூலம் பெறும் காவல் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது என்கிறது. 19ஆம் பிரிவு ஆதாரம் கேட்கவில்லை; குற்றம் நிகழக்கூடும் என்ற அச்சம் இருந்தாலே தெரிவிக்கச் சொல்கிறது. தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும்; தமக்குக் கீழுள்ளவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும். நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மீது வழக்குத் தொடர முடியாது என்பதைக் கேட்டபோதுதான் அறையில் இறுக்கம் தளர்ந்தது.

மூத்த ஆசிரியர் ஒருவர் எழுந்து, "அடிக்கக் கூடாதுன்னீங்க, திட்டக் கூடாதுன்னீங்க, இப்போ கேக்கவும் கூடாதா?" என்றார். சிரிப்பு எழுந்தாலும் அது நியாயமான கேள்வி. கேட்கலாம், ஆனால் துருவக் கூடாது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. பிள்ளை சொன்ன சொற்களை நம் நடைக்கு மாற்றாமல் அப்படியே எழுதி வைக்க வேண்டும் என்றார் பயிற்சியாளர்.

ஆயாக்களின் அமர்வுதான் எனக்கு மறக்காதது. பேருந்தில் உடன்செல்லும் ஓர் ஆயா, வெள்ளிக்கிழமை மாலைகளில் மட்டும் வண்டியில் கடைசியாக ஏறும் ஒரு பிள்ளையைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஏன் முன்பே சொல்லவில்லை என்று நான் அவசரப்பட்டுக் கேட்டதற்கு, "யாரும்மா எங்கள கேட்டீங்க?" என்றார். அதைக் கொண்டு எதையும் முடிவு கட்ட வேண்டாம் என்று பயிற்சியாளர் எங்களைத் தடுத்து, அப்பிள்ளையோடு பழகும் பொறுப்பைப் பள்ளி ஆலோசகரிடம் ஒப்படைக்கச் செய்தார்.

பதிவேட்டு வேலையில் ஒரு பிழை நேர்ந்தது. பயிற்சிகளையும் ஆலோசகரிடம் அனுப்பிய நிகழ்வுகளையும் பெயர் மறைத்து ஆண்டறிக்கையாகக் கல்வித் துறை போன்ற உரிய அமைப்புக்கு அனுப்ப வேண்டும் என்பதும் தீர்ப்பில் உண்டு. எங்கள் முதல் வரைவில் பெயர் இல்லை, ஆனால் வகுப்பும் பிரிவும் இருந்தன. அந்தப் பிரிவில் மாணவியர் நால்வரே என்பதால், படிப்பவருக்கு ஆளைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். கிழித்துவிட்டு எண்ணிக்கையை மட்டும் எழுதினோம்.

முதல் அமர்வுக்கு வராமல்போன இரண்டு ஓட்டுநர்களுக்காக, இரண்டாம் அமர்வுக்கு முன் பேருந்துக் கொட்டகையிலேயே நாற்காலி போட்டு ஒரு வகுப்பு நடந்தது. அன்றைய வருகைப் பதிவேட்டில் மூன்று கையெழுத்துகள் உள்ளன, மூன்றாவது ஒப்பந்ததாரருடையது.