பசியில்லாமல் தூண்டிலைக் கவ்வும் மீன்

வட அமெரிக்க ஏரிகளில் லார்ஜ்மவுத் பாஸ் மீனைத் தூண்டிலிட்டுப் பிடிப்பவர்கள் வசந்தகாலத்தில் கவனிக்கும் ஒரு விநோதம் எனக்கு நெடுநாளாகவே வியப்பளித்து வருகிறது. நீரின் வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும், ஆண் மீன் கரையோர ஆழமற்ற நீரில் வாலால் வண்டலை விலக்கி, வட்டமான பள்ளமொன்றைக் கூடாக அமைக்கிறது. பெண் மீன் முட்டையிட்டுவிட்டு அகன்றபின் காவல் முழுவதும் ஆணின் பொறுப்பாகிறது.

அந்நாட்களில் அது பெரிதாக இரை தேடுவதில்லை. ஆனாலும், பல்லி வடிவிலான ரப்பர் இரையொன்று கூட்டுக்குள் விழுந்தால், அதை வாயின் நுனியால் கவ்வி, விளிம்புக்கு வெளியே கொண்டுபோய்த் துப்பிவிட்டு, மீண்டும் முட்டைகளின் மேல் வந்து நிற்கிறது. விழுங்கும் எண்ணமே இல்லாத இந்தக் கவ்வலின்போதுதான் தூண்டில் முள் வாயில் மாட்டிக்கொள்கிறது.

காவல் மீன் மேலே இழுக்கப்பட்ட சில நிமிடங்களிலேயே புளூகில் மீன்கள் கூட்டில் புகுந்து முட்டைகளைத் தின்னத் தொடங்கிவிடக்கூடும் என்பதால், 'பிடித்ததை உடனே நீரில் விட்டுவிட்டோமே' என்று தூண்டிலிடுபவர்கள் சொல்லும் சமாதானம், என்னைப் பொறுத்தவரை, பாதி நியாயம்தான். கனடாவின் ஒன்டாரியோ மாகாணம், தன் பல பகுதிகளில் ஜூன் பிற்பகுதிவரை பாஸ் பிடிக்க நீண்டகாலம் தடை விதித்திருந்ததற்கு இந்தக் கூடுகளின் பாதுகாப்பே முக்கியக் காரணம்.