30 செகண்டுல செத்துப்போற யூஎஸ்பி

பொங்கலுக்கு காரைக்குடி வந்தும் லினக்ஸ் ஓடுற என் குட்டி சர்க்யூட் போர்டை விடல, வளவுல ஆத்தங்குடி தரை சில்லுன்னு இருக்கவும் அங்கேயே லேப்டாப்பை விரிச்சு உக்காந்துட்டேன். பூட் ஆனதும் போர்டுல இருக்கற யூஎஸ்பி ஹப் (ஒரு யூஎஸ்பியை பலதா பிரிக்கற சிப்) நல்லா ஓடும், சுமார் 30 செகண்ட் கழிச்சு பொசுக்குன்னு போயிடும். கேபிள், சால்டரிங்னு எல்லாத்தையும் சந்தேகப்பட்டே ரெண்டு நாள் போச்சு.

கடைசில பாத்தா டிவைஸ் ட்ரீல (போர்டுல என்னென்ன இருக்குன்னு லினக்ஸுக்கு சொல்ற ஃபைல்) ஹப்போட 5 வோல்ட் சப்ளைக்கு ரெகுலேட்டர்-ஃபிக்ஸ்டு நோடு (அந்த சப்ளையைப் பத்தின பகுதி) இருக்கு, அதை ஆன்-ஆஃப் பண்ற ஜிபிஐஓ பின் இருக்கு, பின் ஹை ஆனா சப்ளை ஆன்னு சொல்ற எனேபிள்-ஆக்டிவ்-ஹை கூட மறக்காம போட்டிருக்கேன் (அது இல்லாட்டி ஆக்டிவ்-லோ, அதாவது லோ ஆனாதான் ஆன்னு எடுத்துக்கும், அது தனி கூத்து), ஆனா அந்த சப்ளை வேணும்னு எந்த டிரைவரும் கேக்கல. லினக்ஸோட மையமான கெர்னலும் எங்க அப்பத்தா மாதிரிதான், ஆளில்லாத ரூம்ல லைட் எரிஞ்சா அணைச்சுட்டுத்தான் மறுவேலை, யாரும் கேக்காத சப்ளையை அந்த 30 செகண்ட்ல அணைச்சிடும், நோடுல பூட்-ஆன்னு எழுதியிருந்தாலும் விடாது, கெர்னலுக்கு முன்னாடி ஓடுற பூட்லோடர் ஆன் பண்ணி வச்சிருக்குங்கறதுதான் அதுக்கு அர்த்தம்.

நிறைய பேர் நோடுல ஆல்வேஸ்-ஆன் (எப்பவும் அணைக்காதே) போட்டு முடிச்சிடுவாங்க. எனக்கு அது பிடிக்கல, ஹப் நோடுலயே வீடிடி-சப்ளைன்னு (கரண்ட் எங்கேருந்து வருதுன்னு சொல்ற வரி) இந்த ரெகுலேட்டரை கைகாட்டிட்டேன். வோல்டேஜை மைக்ரோவோல்ட்ல எழுதணும், 5000000, சைபரை எண்ணிக்கங்க. இப்ப டீபக்எஃப்எஸ்ல (கெர்னல் தன் உள்விவரத்தைக் காட்டுற இடம்) ரெகுலேட்டர் சம்மரி பாத்தா, சப்ளையை கேக்கற ஆளா ஹப் பேரு தெரியுது.

அப்பத்தா வளவு லைட்டை அணைச்சுட்டாங்க, மிச்சம் நாளைக்கு.