தலை திரும்பினாலும் நகராத குரல்

ஹெட்போன் மாட்டிப் படம் பார்க்கும்போது தலையைத் திருப்பினால், திரையில் பேசுபவரின் குரலும் கூடவே திரும்பிவிடும். சில ஹெட்போன்களில் உள்ள ஹெட் டிராக்கர் (தலையசைவைக் கவனிக்கும் வசதி) இதைத்தான் சரிசெய்கிறது: சுழற்சியை உணரும் ஜைரோஸ்கோப் தலை திரும்பிய கோணத்தை அளக்க, மென்பொருள் ஒலியை அதே அளவு எதிர்த்திசையில் சுழற்றுகிறது. குரல் திரையிலேயே நிற்கிறது.

இதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. நேர் முன்னாலிருந்து வந்தாலும் நேர் பின்னாலிருந்து வந்தாலும் ஒலி இரு காதுகளையும் ஒரே நேரத்தில் எட்டும், மூளை குழம்பும். தலையைச் சற்றே அசைத்தால், எந்தக் காதுக்கு ஒலி முந்துகிறது என்பதை வைத்துத் திசையைக் கண்டுபிடித்துவிடும். உளவியலாளர் ஹான்ஸ் வாலக் 1940-லேயே இதை விளக்கிவிட்டார். டிராக்கர் இல்லாத ஹெட்போனில் அந்த வித்தை பலிக்காது.

பாட்டுக்கு மட்டும் நான் டிராக்கரை அணைத்துவிடுவேன். நடக்கும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் பாடகர் ஓரமாக ஒதுங்கி, பிறகு டிராக்கர் புதிய திசையையே முன்பக்கமாக எடுத்துக்கொள்ள, மெல்ல நடுவுக்கு வருவது பெரிய எரிச்சல்!