பேட்ச் இல்லாமல் ரியல்டைம்: 6.12 கெர்னலை கம்பைல் செய்த கதை

ரியல்டைம் லினக்ஸ், அதாவது ஒரு வேலையைக் குறித்த நேரத்துக்குள் கவனித்துவிடும் லினக்ஸ், வேண்டுமென்றால் முன்பெல்லாம் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) சோர்ஸ் ஒரு பக்கம், அதே பதிப்புக்குப் பொருந்தும் ஆர்டி (ரியல்டைம்) பேட்ச், அதாவது சோர்ஸை மாற்றும் கோப்பு, இன்னொரு பக்கம் என்று தேடி எடுத்து ஒட்டவேண்டும், எண் கொஞ்சம் மாறினாலும் ஒட்டாது. 2024 நவம்பரில் வந்த 6.12 பதிப்பில் அந்த வேலையே இல்லை. சுமார் 20 வருடம் வெளியே வளர்ந்த ப்ரீஎம்ப்ட்-ஆர்டி (அந்த ஆர்டி பேட்ச்தான்) ஒருவழியாக உள்ளே வந்துவிட்டது. கடைசிவரை வழிமறித்தது பிரிண்ட்கே, அதாவது கெர்னல் தன் செய்திகளை எழுதும் பகுதி. ஒரு வரி சீரியல் கன்சோலுக்குப் போய் முடியும்வரை மற்றதெல்லாம் நின்றால் அது என்ன ரியல்டைம்?

எனக்கு இது ஆடியோ ரெக்கார்டிங்குக்கு. 48,000 ஹெர்ட்ஸில் ஒலியைச் சேர்த்துவைக்கும் 64 ஃப்ரேம் பஃபர் என்றால் 1.33 மில்லிசெகண்ட்தான், அதற்குள் சிபியு நம் புரோகிராமுக்குக் கிடைக்காவிட்டால் 'டிக்' என்று ஒரு சத்தம் பதிவாகிவிடும்.

கெர்னல் ஆப்ஷன்களைத் தேர்ந்தெடுக்கும் மெனுகான்ஃபிக்கில் ஆர்டி கண்ணில் படாது, எக்ஸ்பர்ட் ஆப்ஷனை இயக்கிய பிறகுதான் வரும். மாட்யூல்களை (டிரைவர் போல தேவைப்படும்போது லோடு ஆகும் துண்டுகளை) குறைக்க லோக்கல்மாட்கான்ஃபிக் என்ற கட்டளையை ஓட்டுவதாக இருந்தால் எல்லா யுஎஸ்பி கருவிகளையும் செருகிவிட்டு ஓட்டுங்கள், அந்த நேரத்தில் லோடு ஆகியிருப்பதை மட்டும்தான் அது வைத்துக்கொள்ளும்.

ஷெட்-எக்ஸ்டும் இதே பதிப்பில்தான் வந்தது, பிபிஎஃப்பில் (கெர்னலுக்குள் சிறு புரோகிராம்களைப் பாதுகாப்பாக ஓட்டும் வசதி) எழுதிய ஷெட்யூலரை, அதாவது எந்த வேலைக்கு எப்போது சிபியு என்று முடிவு செய்யும் பகுதியை, ஓடும் கெர்னலிலேயே மாட்டிப் பார்க்கலாம். அதைத் தனி பில்டாகப் போட்டேன். பிடிஎஃப் தகவல் (கெர்னலின் டேட்டா வகைகள் பற்றிய விவரம்) வேண்டும், அதை உருவாக்க பாஹோல் என்ற கருவி வேண்டும், டீபக் தகவலும் சேர்வதால் டிஸ்க்கில் இடம் நிறையப் போகும். ஆனால் எனக்குப் பிடித்தது வேறு: மாட்டிய ஷெட்யூலர் ஏதாவது ஒரு டாஸ்க்கைப் பட்டினி போட்டால் வாட்ச்டாக் (கண்காணிக்கும் பகுதி) அந்த ஷெட்யூலரைக் கழற்றிவிட்டு வழக்கமான ஷெட்யூலரிடம் பொறுப்பைக் கொடுத்துவிடும், ரீபூட்கூட வேண்டாம்.

சரி, ஆர்டிக்கு வருவோம். பூட் ஆனதும், கெர்னல் விவரம் காட்டும் யூநேம் கட்டளையின் வெளியீட்டில் ப்ரீஎம்ப்ட்-ஆர்டி என்று வந்தது. பின்னால் ஒரு பெரிய கம்பைலை ஓடவிட்டு, தாமதத்தை அளக்கும் சைக்ளிக்டெஸ்ட் ஓட்டிப் பார்த்தேன். சராசரி தாமதம் பெரிதாக மாறவில்லை, அதிகபட்சத் தாமதம்தான் நன்றாக இறங்கியது. வேகம் கூடும் என்று நினைத்து யாரும் இதைப் போடவேண்டாம், மொத்த வேலை கொஞ்சம் மெதுவாகத்தான் ஆகும். அப்புறம், யூசருக்கு ஆர்டிபிரியோ (ரியல்டைம் முன்னுரிமை) அனுமதி தராவிட்டால் ஆடியோ புரோகிராம் சாதாரண முன்னுரிமையில்தான் ஓடும், இத்தனை பாடும் வீண்.

தனியாக வரும் கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் ஆர்டி கெர்னல் என்றதும் பில்ட் ஆக மறுத்தது. பழைய கெர்னலை பூட் மெனுவில் விட்டுவைத்திருக்கிறேன், ரெக்கார்டிங்குக்கு 6.12, மற்றதற்கெல்லாம் அது.