புடைத்துண்ணும் பூதத்துக்கு ஒரு விதிநூல்

டிராகன், ஆர்க், காப்ளின் எல்லாரையும் அடித்து ஓய்ந்தாகிவிட்டது. வேளச்சேரியில் ஞாயிறு சாயங்காலம் கூடும் எங்கள் டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி, பாத்திரமாக மாறிக் கதை ஆடும் விளையாட்டு) குழுவுக்கு நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்துகிறவன். எவ்வளவு காலம்தான் பனி பெய்யும் காட்டில் யாரோ ஊர் அரக்கனை அவிழ்த்துவிடுவது? நம்ம ஊர்ப் பூதத்தை ஒரு தனி இனமாக எடுத்துக்கொண்டு, அது எங்கே வாழும், என்ன தின்னும், எதற்குக் கோபப்படும், சண்டையில் அதன் எண்கள் என்ன என்று ஒரு சின்னப் புத்தகம் போடலாமே என்று இறங்கினேன். பாதிக்கு மேல் தேறிவிட்டது.

சரக்கு சிலப்பதிகாரத்திலிருந்து. புகார் நகரத்தின் நாற்சந்தியில் நிற்கிற சதுக்கப் பூதத்தை இந்திர விழவூரெடுத்த காதையில் பார்க்கலாம். போலித் துறவி, ஒழுக்கம் தவறியதை மறைக்கும் பெண், அரசனுக்குக் கீழறுக்கும் அமைச்சர், பிறர் மனைவியை விரும்புகிறவன், பொய்ச்சாட்சி சொல்பவன், புறங்கூறுகிறவன் ஆகியோரெல்லாம் என் கைப் பாசக்கயிற்றில் மாட்டுவார்கள் என்று நான்கு காதம் கேட்கக் கத்திவிட்டு, பிடித்து அடித்துத் தின்னும். ஒரு டிஎம் இந்த வரிகளைப் படித்தால் கை சும்மா இருக்காது. ஆயுதம் இருக்கிறது, எச்சரிக்கைக் குரல் இருக்கிறது, யாரைத் தின்னும் என்ற பட்டியல்கூட இருக்கிறது.

அந்தப் பட்டியலை அப்படியே எடுக்கவில்லை. படுக்கையறைக் குற்றங்கள் இரண்டையும் தூக்கிவிட்டேன். எங்கள் மேசையில் அதை விசாரிக்க யாருக்கும் ஆசையில்லை. அழற்படு காதையில் மதுரையை விட்டு வெளியேறுகிற நான்கு வருணப் பூதங்கள் உண்டு. உட்பிரிவு வைக்கத் தோதான இடம்தான், ஆனால் விளையாட வந்த இடத்தில் சாதி அட்டவணை எதற்கு? அதற்குப் பதிலாக இருக்கும் இடத்தை வைத்துப் பிரித்தேன்: சந்திப் பூதம், துறைமுகப் பூதம், ஏரிப் பூதம். முதல் இரண்டும் எழுதி முடிந்தது.

எண்களுக்கு வருவோம். டி அண்ட் டி-யின் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்துவிட்டது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், அதன் மேல் நம் சரக்கைக் கட்டி விற்கக்கூடச் செய்யலாம். அதில் இருக்கும் ஓகர் என்ற தடியன் அரக்கனை எலும்புக்கூடாக வைத்துக்கொண்டேன்: ஏசி (அடி விழ எதிராளி எட்டவேண்டிய எண்) 11, ஹெச்பி (உயிர்ப் புள்ளி) 59, தடியடி +6 (பகடையில் விழும் எண்ணோடு கூட்டுவது), ஓர் அடிக்குச் சராசரி 13 சேதம். இதோடு பாசக்கயிறு சேர்ந்தது. 30 அடி தூரம் வீசலாம். மாட்டியவர் 14க்கு மேல் உருட்டித் தப்பிக்காவிட்டால் கட்டுண்டவர் ஆகிறார். கட்டுண்டவரைத் தாக்கும்போது இருபதுமுகப் பகடையை இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுக்கலாம். ஏசி 16 உள்ள போர்வீரன் மேல் பூதத்தின் அடி விழ வாய்ப்பு சாதாரணமாக 55 சதவீதம். கயிற்றில் மாட்டினால் ஏறக்குறைய 80. மூன்றாம் நிலை மந்திரவாதிக்கு 20 ஹெச்பி இருந்தாலே பெரிய விஷயம், இரண்டடியில் ஆள் காலி. அதனால் ஒரு சுற்றில் கயிறு வீசினால் அடி கிடையாது, அடித்தால் கயிறு கிடையாது என்று வைத்தேன். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: குற்றம் செய்யாதவர் மேல் பாசம் விழாது, நழுவிவிடும்.

இந்தக் கடைசி விதிதான் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. ஆட்டக்காரர்கள் பொய் சொல்லியே பிழைப்பவர்கள். காவலனிடம் பொய், கடைக்காரனிடம் பொய், இளவரசியிடம் பொய். முதல் ஆட்டத்தில் புகார் மாதிரி ஒரு துறைமுகச் சந்தையில் பட்டுப் பொதி ஒன்று காணாமல் போக, எங்கள் திருடன் எதிர்க்கடை மதுவணிகனைக் கை காட்டினான். நான் பூதத்தின் குரலை எழுப்பினேன். மேசை கொஞ்சம் அடங்கியது. கயிறு வந்தது. திருடனாக ஆடுகிற தம்பி பகடையை உருட்டினான்: 3.

"மச்சி, இது அநியாயம். நான் பொய்யே சொல்லலை, உண்மையைக் கொஞ்சம் சுருக்கிச் சொன்னேன்!"

எது பொய் என்று எழுதி வைக்காவிட்டால் பூதத்தை மேசைக்கே கொண்டுவர முடியாது என்று அப்போது புரிந்தது. பிறகு விதியை இறுக்கினேன். எல்லாப் பொய்யும் பூதத்தின் கணக்கில் வராது. இன்னொருவருக்கு எதிராகச் சாட்சி சொல்லும்போது பொய் வந்தால் மட்டும் பாசம். எங்கள் குழுவில் "மத்திய கைலாஷ் தாண்டிட்டேன், இதோ வந்துட்டேன்" என்று வீட்டில் படுத்தபடியே சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பூதம் அவர்களைத் தொடாது. தப்பிக்க வழியும் வைத்தேன்: எந்த இடத்தில் பொய்ச்சாட்சி சொன்னாரோ அதே இடத்தில் நின்று, கேட்டவர்கள் முன்னால் திருத்திச் சொன்னால் கயிறு தானாகத் தளரும். புறங்கூறுதலுக்கு வேறு கணக்கு. கூட்டாளி இல்லாத நேரத்தில் அவனைப் பற்றி அவதூறு பேசினால் ஒரு புள்ளி, மூன்று புள்ளி சேர்ந்தால் பூதம் பெயர் சொல்லிக் கூப்பிடும். போலித் துறவி விதியைக் கேட்டதும் எங்கள் பாலடின் (சபதம் எடுத்த புனித வீரர்) முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். சபதத்தை வசதிக்கு வளைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அடைக்கலக் காதையிலிருந்து வந்தது. ஒருத்தி மேல் பொய்ச்சாட்சி சொன்னவனைப் பூதம் பிடித்துவிடுகிறது. அவன் தாய் படும் துயரம் பொறுக்காமல் கோவலன் பாசத்துக்குள் புகுந்து, என் உயிரை எடுத்துக்கொண்டு இவனை விடு என்கிறான். கெட்டவன் உயிருக்கு நல்லவன் உயிரை வாங்கி என் நற்கதியை இழக்கமாட்டேன் என்று பூதம் மறுத்துவிடுகிறது. இது வெறும் பசி பிடித்த அரக்கன் இல்லை. அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது, மறுமை பற்றிய கவலை இருக்கிறது. "பதிலுக்கு என்னை எடுத்துக்கோ" என்பது ஆட்டக்காரர்களுக்கு மிகவும் பிடித்த வசனம். எங்கள் போர்வீரரும் அதைத்தான் சொன்னார். பூதம் மறுத்ததும், "அப்போ நான் என்னதான் செய்யறது?" என்று உண்மையாகவே கோபப்பட்டார். கோவலன் செய்ததைத்தான் செய்யலாம்: செத்தவனின் தாயையும் சுற்றத்தையும் காப்பாற்றுவது. அந்தக் கிழவிக்கு வீடு, கடன், ஒரு பேத்தி என்று எழுதிக் கொடுத்தேன். டஞ்சனுக்குள் (அரக்கர்கள் பதுங்கும் நிலவறைக்குள்) போகவேண்டிய குழு, இரண்டு செஷனாகக் கந்துவட்டிக்காரனோடு பேரம் பேசிக்கொண்டிருக்கிறது.

ஒற்றைப் பூதம் சரி, ஓர் இனமாக்கினால் சாப்பாட்டுக்கு எங்கே போவது? பொய்யர்களை மட்டும் தின்கிறவர்களுக்கு யோக்கியமான ஊர் பஞ்சப் பிரதேசம். ஆகவே என் பூதங்கள் கிராமத்தை விட்டுச் சந்தைக்கும் துறைமுகத்துக்கும் குடிபெயர்கின்றன. பணம் கைமாறும் இடத்தில்தான் சாட்சி விலைபோகும். ஊர் திருந்திவிட்டால் பூதத்துக்குப் பட்டினி. வயதான பூதங்கள் இதை உள்ளூர விரும்புவதில்லை என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த ஒரு வரியிலிருந்து மூன்று சாகசக் கதைகள் கிளம்பின, எண் பட்டியலிலிருந்து ஒன்றுகூடக் கிளம்பவில்லை.

பூதத்தையே பாத்திரமாக ஆட விரும்புகிறவர்களுக்கு உடம்பு ஒரு சிக்கல். வளர்ந்த பூதம் ஆட்ட வரைபடத்தின் கட்டங்களில் பத்தடிக்குப் பத்தடி பிடிக்கும். குகை வாசலில் நுழையாது, படகில் ஏறாது. வழி காட்டியவர்கள் பல்லவச் சிற்பிகள். அவர்கள் கோயில்களில் கூரை விளிம்புக்குக் கீழே ஓடுகிற பூதவரியில் குள்ளமாக, தொப்பையோடு, பாடியும் ஆடியும் சிரிக்கிற பூத கணங்களைப் பாருங்கள். அவர்களை இளம் பூதங்களாக வைத்துவிட்டேன். உயரம் மூன்றரை அடி, ஏதாவது ஒரு வாத்தியத்தில் தேர்ச்சி, பாசம் இன்னும் கைக்கு வரவில்லை, பொய் கேட்டால் காது மட்டும் அரிக்கும்.

மேசையில் நிற்க வைக்கும் குட்டிப் பொம்மையான மினியும் செய்தேன். எம்-சீல் பிசைந்து கம்பிக் கூட்டின் மேல் அப்பி, இறுகுவதற்குள் தொப்பையை ஈர விரலால் தேய்த்தால் வழவழவென்று வரும். பாசத்துக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய மெல்லிய செம்புக் கம்பி. அச்சுக்கு ஏ5 அளவில் 32 பக்கம். நடுவில் பின் அடிப்பதென்றால் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்கவேண்டும். அட்டைக்குக் காகிதம் பார்க்க ஆண்டர்சன் தெருவுக்குப் போகவேண்டும்.

ஏரிப் பூதம் இன்னும் பிடிபடவில்லை. ஆளே இல்லாத ஏரிக்கரையில் யார் யாருக்கு எதிராகச் சாட்சி சொல்வார்கள்? எல்லைக்கல்லை நகர்த்துகிறவர்கள் அதன் இரை என்று இப்போதைக்கு எழுதியிருக்கிறேன். நம்ம ஊர் ஏரிகளை வைத்துப் பார்த்தால் அது கொழுத்துத்தான் இருக்கும். இதற்கிடையில் நம் திருடன் தம்பி, அடுத்த ஆட்டத்துக்கு இளம் பூதமாக வருகிறானாம், அதுவும் பொய் சொல்கிற பூதமாக. தன் காதே அரித்துக்கொண்டிருக்கும்போது பொய்ச்சாட்சி சொல்லமுடியுமா என்பதற்கு என்னிடம் விதி இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒன்று எழுதவேண்டும்.