அம்மாவின் 116-ஆம் சங்கீதம்

1991-இல் தம்பிக்கு மூளைக்காய்ச்சல். பதினொரு நாள் கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்கால் போட்டு அம்மா ஒரு பொருத்தனை பண்ணினாள்: பிள்ளையைத் திருப்பித் தந்தால் எருசலேமுக்கே வந்து, வேதாகமத்துச் சங்கீதப் பாட்டுகளில் 116-ஆம் சங்கீதம் சொல்வேன் என்று. பாளையங்கோட்டையைத் தாண்டிப் போயிராத மனுஷி பண்ணுகிற பொருத்தனையா அது! தம்பி பிழைத்தான், அம்மா கடனாளியானாள். 2019 பிப்ரவரியில், அவளுடைய 73-ஆவது வயதில்தான் கர்த்தர் வழி திறந்தார். பாஸ்போர்ட் கைக்கு வந்த கதையே தனிச் சாட்சி. ஸ்தோத்திரம், அதை இன்னொரு நாள் சொல்கிறேன்.

கூட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இயேசு ஆண்டவரின் கல்லறை ஆலயத்தில் இரண்டு மணி நேரம் வரிசை. உள்ளே போனதும் முழுசாக ஒரு ஜெபம்கூடச் சொல்லி முடியவில்லை, அதற்குள் 'நகருங்கள்' என்று விரட்டு. பாடுகளின் பாதை முழுக்க இரண்டு பக்கமும் கடை. "இந்தியா! ஷாருக் கான்!" என்று கையைப் பிடித்து இழுக்கிறார்கள். ஒரு டாலர் என்று கூப்பிட்ட ஒலிவமரச் சிலுவை, கடைக்குள் நுழைந்ததும் ஐந்து டாலர். ஆண்டவர் சிலுவை சுமந்த தெருவில் சிலுவைக்கே பேரம்!

அம்மா மனசெல்லாம் மேல்வீட்டின் மேல்தான். கடைசி இராப்போஜனம் நடந்த இடம், அங்கேதான் சங்கீதம் சொல்வேன் என்று வைத்திருந்தாள். ஏறிப் போனால் சிலுவைப்போர்க்காரர் காலத்துத் தூண்கள், பிற்காலத்தில் மசூதியாக இருந்ததற்கு அடையாளமாகச் சுவரில் அரபி எழுத்து. நாலு குழுக்கள் நாலு பாஷையில் ஒரே நேரத்தில் பாடுகின்றன. வேதாகமத்தை விரிக்குமுன் எங்கள் கைடு கொடியைத் தூக்கிவிட்டார். நினைவுப்பொருள் கடைக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கியவர் மேல்வீட்டுக்குக் கொடுத்தது பத்து நிமிஷம். அம்மா ஒன்றும் பேசவில்லை. முட்டுவலியோடு என் தோளைப் பிடித்து இறங்கினாள்.

கீழே தாவீது ராஜாவின் கல்லறை என்று காட்டுகிற இடம். பெண்கள் பக்கத்தில் ஒரு யூதப் பாட்டி சின்னப் புத்தகம் ஒன்றைக் கண்ணருகே பிடித்து, முன்னும் பின்னும் ஆடியபடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அம்மா அங்கேயே நின்றுவிட்டாள்.

"அவங்க என்னட்டீ படிக்காங்க?"

"சங்கீதம்தான்மா."

"நம்ம சங்கீதத்தையா?"

சிரித்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அம்மா கேட்டதில் என்ன தப்பு? பெரிய வெள்ளியன்று 'யூதர்கள்' என்ற சொல் வரும்போதெல்லாம் பிரசங்கியாரின் குரல் ஏறுவதைக் கேட்டு வளர்ந்தவள்தானே நானும். சீஷர்கள் பேதுரு, யோவான், தாய் மரியாள், ஏன், ஆண்டவரே யார் என்று ஒரு நிமிஷம் யோசித்தோமா? நாங்கள் தினமும் சொல்லும் ஆமென், அல்லேலூயா எந்தப் பாஷை?

மறுநாள் மறுபடியும் கடை. எங்களோடு வந்த ஐயர், அதாவது சபைப் போதகர், நல்ல மனுஷர். "வாங்கம்மா, நாம வேற இடம் போவோம்" என்று எங்கள் இருவரை மட்டும், யூதர்களின் பழைய ஆலயம் இருந்த ஆலயமலையின் தெற்குப் படிக்கட்டுக்குக் கூட்டிப்போனார். டிக்கெட் எங்கள் காசு. போகிற வழியில், கி.பி. 70-இல் ரோமர்கள் ஆலயத்தை இடித்தபோது மேலிருந்து உருண்ட கற்கள் விழுந்த இடத்திலேயே குவியலாகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் மாட்டுவண்டி பெரிசு. ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராதபடி எல்லாம் இடிக்கப்படும் என்று ஆண்டவர் சொன்னது அப்படியே கண்முன்னால்.

படிகள் ஒன்று குறுகல், அடுத்தது அகலம் என்று மாறி மாறி வருகின்றன. வேகமாக ஏற முடியாது. அம்மாவின் முட்டுக்கென்றே வெட்டியது போலிருந்தது. பக்கத்தில் பாறையில் குடைந்த குளிப்புத் தொட்டிகள். பண்டிகைக்கு வந்த யூதர்கள் அதில் முழுகிவிட்டுத்தான் ஆலயத்துக்கு ஏறுவார்களாம். சீஷர்கள்மேல் பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளில் மூவாயிரம் பேர் ஞானஸ்நானம் பெற்றார்களே, யோர்தானோ தூரம், தண்ணீருக்கு எங்கே போயிருப்பார்கள் என்று ஞாயிறு பள்ளியில் கேட்டு டீச்சரிடம் திட்டு வாங்கியவள் நான். அந்தத் தொட்டிகளைப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது.

பரிசுத்த ஆவி இறங்கிய பிறகும் பேதுருவும் யோவானும் ஜெபவேளையாகிய ஒன்பதாம் மணி நேரத்தில், அதாவது மத்தியானம் மூன்று மணிக்கு, இதே ஆலயத்துக்குத்தான் போனார்கள். தாய்வீட்டை விட்டு ஓடிவிடவில்லை. விருத்தசேதனம் என்கிற யூதச் சடங்கு இல்லாமலே, யூதரல்லாத புறஜாதியாரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று இந்த எருசலேமில் கூடி முடிவெடுத்தார்களே, பேதுரு, பவுல், யாக்கோபு, அத்தனை பேரும் யூதர்கள். அவர்கள் கதவைத் திறந்திருக்காவிட்டால் எங்கள் ஊர்ச் சபை ஏது, நான் ஏது?

அம்மா பாதிப் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். தூறல், கல் ஜில்லென்று இருந்தது. வேதாகமத்தைத் திறக்கவே இல்லை. "கர்த்தர் என் சத்தத்தையும் என் விண்ணப்பத்தையும் கேட்டதினால்..." என்று தொடங்கினாள். 'இரட்சிப்பின் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு' என்கிற இடத்தில் குரல் உடைந்தது. 'எருசலேமே உன் நடுவிலும்' வந்தபோது என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை.

முடித்ததும் ஐயர் மெதுவாகச் சொன்னார்: "பஸ்கா பண்டிகை இரவில் யூதர்கள் சங்கீதம் 113 முதல் 118 வரை பாடுவாங்கம்மா. இன்னைக்கும் பாடுறாங்க. சாப்பிட்ட பிறகு பாடுறதுல 116 வரும். ஆண்டவரும் சீஷர்களும் ஸ்தோத்திரப்பாட்டுப் பாடிட்டு ஒலிவமலைக்குப் போனாங்கன்னு இருக்கே, அது இதுதான்னு பெரியவங்க சொல்றாங்க."

அம்மா அவரையே பார்த்தாள். "கெத்செமனே தோட்டத்துல பிடிபடப் போகுமுன்னயா? என் சங்கீதத்தையா?"

இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை.

எவ்வளவு நேரம் அழுதோம் என்று தெரியாது. ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம், அதைத் தவிர வாயில் வேறு வரவில்லை. 28 வருஷக் கடன். கைடு மூன்று முறை போன் பண்ணியிருந்தார், எல்லோரும் பஸ்ஸில் ஏறியாயிற்றாம். அம்மா அசையவில்லை. "தம்பியைக் கூப்பிட்டுக் குடு" என்றாள்.

அவன் ஆபீசில் இருந்தான்.

"ஏலே, செலுத்தியாச்சு."

"என்னத்தம்மா? கரண்ட் பில்லா?"

"ஆமாலே" என்றாள். "சாப்ட்டியா?"